கார்பன் போ (வயலின் வாசிக்கிற வில்லு)-ன்னு சொல்லி 9,800 ரூபாய்க்கு கறுப்புக் குச்சி அனுப்பிட்டானுங்க, வயலின் வாங்குறவங்க பாத்துக்கோங்க

நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல, அந்தக் கடுப்புல தான் டைப் பண்றேன்.

எம் பொண்ணு ஏற்காட்டுல ஹாஸ்டல்ல படிக்குது, வயலின் கத்துக்குது. அந்த 20 கொண்டை ஊசி வளைவு ஏறிட்டா மேல ஒரே பனிமூட்டம், ஈரக்காத்து. வாசிச்சதும் போல இருக்குற முடிய இழுத்துப் பிடிக்கிற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி வைன்னா பாப்பா மறந்துரும், மரப் போ ஒரு பக்கமா கோணிக்கிச்சு. கார்பன் ஃபைபர்னா குச்சி கோணாதுங்க, நல்லதா பாத்து வாங்குங்கன்னு வாத்தியார் சொன்னாரு. அந்த ‘நல்லதா பாத்து’ தான் எங்காதுல விழல.

மியூசிக் சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் பேஜ். பேரு போடல, போட்டா கேஸு அது இதுன்னு வருவானுங்க. விக்கிறவன் வீடியோ கால்லயே வந்தான். "பாப்பா என்னங்கண்ணா வாசிக்குது"ன்னான், ஜண்டை வரிசைன்னேன் (கர்நாடக சங்கீத ஆரம்பப் பாடம்), உடனே அந்தப் பாடத்தோட ராகம் மாயாமாளவகௌளைல ஆரோகணம், அதான் மேல ஏறுற ஸ்வரம், ஒண்ணு இழுத்துக் காமிச்சான் பாருங்க, சுத்தமா இருந்துச்சு, இவ்வளவு நல்லா வாசிக்கிறவன் ஏமாத்துவானான்னு தோணுச்சு, அங்க தான் விழுந்தேன். 60 கிராம் தான், ஃபுல் கார்பன், மழை வெயில் எதுக்கும் ஒண்ணும் ஆகாதுங்கண்ணான்னான். (குச்சிக்குத் தான் ஆகாது, முடி குதிரை முடி, அது ஈரத்துக்கு லூஸ் ஆகத் தான் செய்யும்னு வாத்தியார் அப்புறம் சொன்னாரு.) கால் கட் ஆகுறதுக்குள்ள 9,800 அனுப்பிட்டேன்.

நாலாம் நாள் வந்துச்சு. டைட் பண்ணா உள்பக்கமா வளைஞ்சு நிக்க வேண்டிய குச்சி நேரா நிமிந்துருச்சு. வாத்தியார் ஒரு இழுப்பு இழுத்தாரு, நடுவுல வெடவெடன்னு நடுங்குது. "எடை போட்டீங்களா"ன்னாரு. எனக்கு வெக்கமா போச்சு. ஏன்னா நான் கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் தராசு தான் பொழப்பு. வச்சுப் பாத்தா 73.4 கிராம்! கொலுசுல 13 கிராம் இடிச்சா பட்டறையே ரெண்டாயிருக்கும்.

கைப்பிடி பக்கத்துல நகத்தால கீறுனேன், வலை மாதிரி டிசைன் ஸ்டிக்கரா உரிஞ்சு வருது, அதுக்குக் கீழ கறுப்பு பெயின்ட், அதையும் சொரண்டுனா வெள்ளையா கண்ணாடி நார். கார்பன்னா உள்ள வரைக்கும் கறுப்பா தாங்க இருக்கணும். முடில ஒண்ணப் பிடுங்கி நெருப்புல காட்டுனேன், பொசுங்குற நாத்தமே இல்ல, உருகி குண்டுமணியா சுருண்டுச்சு. நைலான்.

போன் பண்ணா மொதல்ல கொரியர்ல டேமேஜ்ங்கறான். கொரியர்ல அடிபட்டா கார்பன் கண்ணாடி நார் ஆயிருமாடா? அப்புறம் பிரிச்ச வீடியோ இருக்கா சார்ங்கறான், அண்ணா போயி சார் வந்துருச்சு. அப்புறம் ஓனர் ஊர்ல இல்லையாம். கடைசியா "கார்பன் ஃபினிஷ்னு தான் போட்டிருக்கோம், நல்லா படிச்சுப் பாருங்க"ன்னான். பேஜ்ல போய்ப் பாத்தா அப்படித் தான் இருக்கு, எப்ப மாத்துனானோ, சாட்ல ஃபுல் கார்பன்னு அவன் அடிச்சது இன்னும் எங்கிட்ட இருக்கு. அத அனுப்புனதும் பிளாக். வீட்டுக்காரம்மா நம்பர்ல இருந்து அடிச்சா, "வணக்கங்க, ஒரிஜினல் கார்பன் போ வேணுங்களா"ங்கறான். 9,800 ரூபாங்க, எம் பட்டறைல ஒரு ஆளுக்கு ரெண்டு வாரக் கூலி.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதலாம்னு தான் உக்காந்தேன், முடியல. தராசுல வச்சுக் காட்டச் சொல்லுங்க, பெரியவங்க சைஸ் 60 கிராம் சுத்தி இருக்கணும். வாத்தியார் கையால இழுத்துப் பாக்காம காசு குடுக்காதீங்க. பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துருங்க. சாட்ட அழிக்காதீங்க. நான் இப்ப தான் 1915-க்கு (நுகர்வோர் ஹெல்ப்லைன்) அடிச்சு கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். சனிக்கிழமை பாப்பா கீழ இறங்கி வருது, புது போ எங்கப்பான்னு கேக்கும்.