ஃபைபர் கார் கதவுப் பூட்டு ஓட்டை: பட்டி அடைத்து ஏமாற்றுகிறார்கள்

சிபானி டால்பின் மாதிரி ஃபைபர் பாடி வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ராயபுரம் பக்கம் ஒரு பட்டறையில், பூட்டு ஓட்டை கிழிந்துபோன கதவுக்கு "ஃபைபர் போட்டு அடைச்சாச்சு" என்று முழுக் காசு வாங்கியிருக்கிறார்கள். பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருந்தது. சில வாரத்தில் சாவியைத் திருப்பினால் பூட்டும் கூடவே சுற்றியது. கழற்றிப் பார்த்தால் ஒரு இழை ஃபைபர்கூட இல்லை. மொத்தமும் பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளம் நிரப்பப் பூசும் பசை), நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. பின்னால் முட்டுக் கொடுத்திருந்த இரும்பு வாஷரை உப்புக்காற்று அரித்துவிட்டிருந்தது.

பூட்டு சுற்றாமல் பிடிப்பது ஓட்டையின் தட்டையான ஓரங்கள்தான். சாவியின் முறுக்கு முழுக்க அங்கேதான் விழுகிறது. இழை இல்லாத பட்டி அதைத் தாங்கவே தாங்காது.

முறையான வேலை என்றால் பூட்டையும் உள் அட்டையையும் கழற்ற வேண்டும். கதவின் உள்பக்கம், ஓட்டையைச் சுற்றி 4, 5 செ.மீ. அகலத்துக்கு 60 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டையை நோக்கிச் சரிவாக மெலிய வைக்க வேண்டும். பெயிண்டின் மேலோ மெழுகின் மேலோ ரெசின் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்) பிடிக்காது. அசிட்டோனால் துடைத்துவிட்டு, வெளிப்பக்கம் பாலிதீன் சுற்றிய தட்டையான தகட்டை ஒட்டி, உள்ளிருந்து சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை (கண்ணாடி இழைப் பாய்) ரெசினில் நனைத்துப் போட வேண்டும். ஒரு அடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வரும். 100 கிராம் ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 1 முதல் 2 கிராம். சென்னை வெயிலுக்கு 1 கிராமை ஒட்டியே இருக்கட்டும், கூடினால் சூடேறி வெடிப்பு விடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கினால் முதலில் ரெசினில் அதை நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இதில் விளையாட்டே கூடாது.

இறுகியபின் சின்னதாகத் துளை போட்டு, பூட்டை வைத்து வைத்துப் பார்த்து அரத்தால் அராவ வேண்டும். பலரும் கோட்டை விடுவது கனத்தில். பழைய கனத்தைவிடத் தடித்தால் பூட்டின் கிளிப் காடியில் உட்காராது. மெலிந்தால் பூட்டு ஆடி, ஓட்டை மறுபடி கிழியும். இறுகிப்போன பூட்டுக்கு கிராஃபைட் தூள் போடாமல் திரும்ப மாட்டினாலும் அதே கதிதான்.

பெயிண்ட் அடிக்கும் முன் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேட்டின் இழைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காட்ட மறுத்தால் காசு கொடுக்காதீர்கள். காசிமேட்டில் ஃபைபர் போட் ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு மேட் வேலை அத்துப்படி. கதவை மட்டும் கழற்றிக் கொண்டுபோகலாம். ஓட்டை அராவும் வேலையைப் பூட்டு தெரிந்தவரிடம் கொடுங்கள்.