சுவருக்கு எந்த எலும்புக்கூடு?
தங்கை மகள் சேலத்தில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு. அறைச் சுவரில் ஒட்ட, பழைய உடற்கூறியல் நூல்களின் படங்களில் வெசாலியஸா, கார்ட்டரா என்று ஒரு வாரமாகப் பேச்சு.

1543-இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் அச்சான, மருத்துவர் வெசாலியஸின் நூலில் உள்ள மரச்செதுக்குப் படத்தில், எலும்புக்கூடு கல்மேடையில் முழங்கையை ஊன்றி, ஒரு மண்டையோட்டின் மேல் கை வைத்து யோசிக்கிறது. அதே நூலில் தோலுரிந்து தசை தெரிய நிற்கும் மனிதர்களுக்குப் பின்னால் குன்றும் ஊரும். ஏற்காடு மலைப்பாதையில் இளைப்பாற நிற்பவர்கள் மாதிரி இருக்கும். தோலில்லாமல் யார் அப்படி நிற்பார்? கற்பனைதான், ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

1858-இல் வந்த கிரேயின் உடற்கூறியல் பாடநூலுக்கு ஹென்றி வான்டைக் கார்ட்டர் வரைந்த படங்களில் குன்றும் இல்லை, சோகமும் இல்லை. பெயர்கள் எலும்பின் மேலேயே எழுதியிருக்கும். மனுஷன் அப்புறம் பம்பாய்க்கு வந்து பாடம் நடத்தினார்.

சரி, தேர்வுக்குக் கார்ட்டர், சுவருக்கு வெசாலியஸ். பூஜை அறைக்கு எதிர்ச்சுவர் மட்டும் வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள்.