ஜி.எஸ். டயறியும் வோஷிங்டன் டயறியும்: ஃபவுண்டர்ஸ் ஒன்லைன் இணையத்தளம் பற்றி

களுவாஞ்சிகுடிப் பக்கம் நீண்ட காலம் கிராம சேவகராக (ஜி.எஸ்.) இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் உத்தியோகத்தில் நாள் தவறாமல் டயறி எழுத வேண்டும். மாதம் முடிய அதைப் பிரதேச செயலகத்தில் காட்டி ஒப்பம் வாங்க வேண்டும். 'காலை காணிப் பிணக்கு விசாரணை. மாலை மரண வீடு' என்ற அளவில்தான் இருக்கும். பிணக்கில் யார் யாரை ஏசினார்கள், மண்வெட்டியைத் தூக்கியது யார் என்பதெல்லாம் அதற்குள் வராது. அதனால் வேறொருவரின் டயறி கையில் கிடைத்தால், எழுதியதை விட எழுதாமல் விட்டதைத்தான் என் கண் முதலில் தேடும்.

வந்தாறுமூலைக் கெம்பஸில் வரலாறு படிக்கும் என் மருமகள்தான், "மாமா, உங்கட ஜி.எஸ். டயறி மாதிரியே ஒராள் எழுதி வச்சிருக்கார், பாருங்க" என்று போனில் இந்தத் தளத்தைத் திறந்து தந்தாள். அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகமும் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து 2013இல் தொடங்கியது. அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களான வோஷிங்டன், ஃப்ராங்ளின், ஜோன் அடம்ஸ், ஜெஃபர்சன், மடிசன், ஹமில்டன் போன்றோரின் கடிதங்களும் குறிப்புகளும் 1,80,000க்கு மேல் இருக்கின்றன. காசு இல்லை, பதிவு செய்யத் தேவையில்லை. படம், ஆட்டம், பாட்டு ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்து. அதனால் என் பழைய போனிலும் உடனே திறக்கிறது.

நான் பிடித்துக்கொண்டது ஜோர்ஜ் வோஷிங்டனின் டயறியை. ஜனாதிபதி வோஷிங்டன் இல்லை, அதற்கு முந்தியவர். பிரித்தானிய மன்னரின் குடிமகனாக, வேர்ஜீனியாக் குடியேற்றத்தில் புகையிலைத் தோட்டக்காரராக, பேர்ஜெஸ்ஸஸ் என்ற சட்டசபையில் உறுப்பினராக இருந்த காலத்து மனிதர். பஞ்சாங்கப் புத்தகத்துக்கு இடையில் வெற்றுத்தாள் வைத்துக் கட்டி, நேரம் எங்கே எப்படிப் போனது என்று தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறார். தலைப்பைப் பார்த்ததுமே இவர் நம்ம ஆள் என்று முடிவு செய்துவிட்டேன்.

1760 ஜனவரி 1ஆம் திகதியை முதலில் பாருங்கள். புதுவருடப் பிறப்பில் மனிதர் என்ன எழுதுகிறார்? ஃப்ரெஞ்ச் என்ற ஒருவர் பன்றி இறைச்சியை 20 ஷில்லிங்குக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு, விலை 22 ஷில்லிங் 6 பென்ஸ் ஆனதும் இல்லையென்று சொல்லிவிட்டார். அந்த ஆளுக்குக் காசின் மேல் எவ்வளவு ஆசை என்று ஒரு குத்தல். அறுவடைக் காலத்தில் நெல்லுக்கு விலை பேசிவிட்டு, விலை ஏறியதும் கையை விரிக்கிறவர்களை அம்பாறைப் பக்கம் யாருக்குத் தெரியாது? வீட்டுக்கு வந்து பார்த்தால் மனைவிக்குச் சின்னமுத்து போட்டிருக்கிறது. அதுவும் அதே நாளில், அதே தொனியில்.

அடுத்த மாதம் 15ஆம் திகதி அலெக்சாந்திரியா என்ற ஊரில் ஒரு நடன விருந்து. தின்பதற்குப் பாணும் பட்டரும் தாராளம், கொஞ்சம் பிஸ்கட். தேநீரும் கோப்பியும் இருந்தனவாம், ஆனால் குடித்தவர்களுக்குச் சீனி போட்ட சுடுதண்ணீருக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். மேசைத் துணிக்குப் பதிலாகக் கைலேஞ்சி. அதற்கு ஒருவரும் வருத்தம் கூடத் தெரிவிக்கவில்லை என்று குறித்துக்கொண்டு, 'பாண் பட்டர் நடன விருந்து' என்று பெயரும் வைத்துவிட்டார். ஏப்ரலில் வைத்தியர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார், 'வெறியில் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வால். இந்த மாதிரி வரியை நான் எழுதியிருந்தால் மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

அரசியலுக்கு வந்தால் பேனா சுருங்கிவிடுகிறது. இங்கேதான் இந்தத் தளத்தின் உண்மையான பெறுமதி. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே பதிப்பாசிரியர்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். யார் இந்த ஆள், அது எந்த விடுதி, அன்று ஊரில் வேறு என்ன நடந்தது என்று எல்லாம் அங்கே இருக்கும்.

1769 மே 17 பதிவு, பொருளாளர் வீட்டில் பகல் சாப்பாடு, இரவு 10 மணிவரை 'ஹேய்ஸில்' ஒரு குழுவில் இருந்தேன், அவ்வளவுதான். குறிப்பைப் படித்தால்தான் விஷயம் தெரியும். வரி விதிக்கும் உரிமை எங்களுக்கே என்று சபை தீர்மானம் போட்டதால் ஆளுநர் பொட்டட்டூர்ட் அன்றுதான் சபையைக் கலைத்தார். ஹேய்ஸ் என்பது அந்தோனி ஹே நடத்திய ராலி விடுதி. கலைக்கப்பட்ட உறுப்பினர்கள் நேரே அங்கே போய்க் கூடி, வரி போட்ட பிரித்தானியப் பொருட்களை இறக்குமதி செய்வதில்லை என்று மறுநாள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். அந்த மறுநாளுக்கு வோஷிங்டன் எழுதியது, திருமதி டோசன் வீட்டில் சாப்பிட்டு 8 மணிக்குப் படுத்தேன் என்பது. மறுகா 19ஆம் திகதி? ராணியின் பிறந்தநாள் விருந்துக்கு, சபையைக் கலைத்த அதே ஆளுநரின் மாளிகைக்குப் போயிருக்கிறார்.

1774 மே மாதம் இதைவிட விசேஷம். பொஸ்டன் துறைமுகத்தை மூடப் பிரித்தானியா கொண்டுவந்த சட்டத்துக்கு எதிராக ஜூன் 1ஐ உபவாச நாளாகச் சபை அறிவிக்கிறது. 26ஆம் திகதி காலை வோஷிங்டன் ஆளுநர் டன்மோருடன் குதிரையில் அவருடைய பண்ணைக்குப் போய் அங்கேயே காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார். அன்றே டன்மோர் சபையைக் கலைக்கிறார். 27ஆம் திகதி இரவு ஆளுநரின் மனைவிக்குச் சபையார் கொடுத்த நடன விருந்துக்கும் வோஷிங்டன் போகிறார். ஜூன் 1, கோயிலுக்குப் போய் நாள் முழுக்கப் பட்டினி. கோபம், கவலை என்று ஒரு சொல் கிடையாது. மேலதிகாரியோடு மனம் கசந்தாலும் அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டிய உத்தியோகம் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

தேர்தல் கடமை செய்தவர்கள் வாக்களிப்புப் பற்றிய கடிதங்களையும் தேடுங்கள். அன்றைய வேர்ஜீனியாவில் வாக்குச்சீட்டே இல்லை. காணி உள்ள ஆண் முன்னால் வந்து பெயரை உரத்துச் சொல்ல, லிகிதர் எழுதிக்கொள்வார், வேட்பாளர் பக்கத்திலேயே நிற்பார். 1758 தேர்தலில் வோஷிங்டன் படையோடு வெளியில் இருந்தார். அவருக்காக வாக்காளர்களுக்கு ஊற்றிய ரம், பஞ்ச், வைன், பியர் கணக்கு 39 பவுணுக்கு மேல். வென்ற பிறகு அவர் எழுதிய கடிதத்தில், எதிராக வாக்களித்தவர்களுக்கும் குறைவில்லாமல் கொடுத்தீர்கள்தானே, கை இறுக்கிச் செலவழித்துவிட்டீர்களோ என்றுதான் பயம் என்கிறார். 1768 டிசம்பர் 1 பதிவிலும் தேர்தலில் தெரிவானேன், நான் கொடுத்த நடன விருந்தில் இரவு முழுக்கத் தங்கினேன் என்று இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த விஷயத்தில் நம்மூர் வேட்பாளர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

சிரிப்பு நின்றுபோன இடமும் உண்டு. 1760 பெப்ரவரியில் ஜோர்ஜ், டொம், மைக், இளைய பில்லி என்ற நான்கு தச்சர்கள் முதல்நாள் 120 அடி மரம்தான் செதுக்கினார்கள் என்று கண்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வேலையை நேரம் பார்த்து அளக்கிறார். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்தாலும் ஆளுக்கு நாளைக்கு 125 அடி வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். அந்த நால்வரும் அடிமைகள். அந்த நாள் அவர்களுக்கு எப்படிப் போனது என்று எழுத ஒரு தாள் அவர்களிடம் இருக்கவில்லை. இத்தனை லட்சம் பக்கத்தில் அவர்கள் மற்றவர் எழுதிய பெயராக மட்டும் வருகிறார்கள். தளத்தின் குற்றம் இல்லை, ஆனால் படிக்கிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வோஷிங்டனின் வறட்சி அலுத்தால், அதே தளத்தில் ஜோன் அடம்ஸின் டயறிக்குப் போங்கள். 1774 செப்டெம்பரில் இருவரும் பிலடெல்பியாவில் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய முதலாவது கொங்கிரஸ் கூட்டத்தில் இருந்தார்கள். வோஷிங்டன் யார் வீட்டில் சாப்பிட்டார் என்பதோடு நிறுத்துவார். அடம்ஸோ, பாவச் செயல் என்று சொல்லத்தக்க விருந்து என்று 8ஆம் திகதி தலையில் அடித்துக்கொண்டே, தயிர், கிரீம், ஜெலி, இருபது வகைப் பழப்பணியாரம் என்று ஒன்று விடாமல் பட்டியல் போடுகிறார். அடம்ஸ்தான் தனக்கு நெருக்கமான ஆள் என்று மருமகள் சொல்கிறாள். நான் வோஷிங்டன் பக்கம்.

குறை என்றால், முழுவதும் ஆங்கிலம். அதிலும் வோஷிங்டனின் எழுத்துக்கூட்டலையும் சுருக்கங்களையும் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சொல்லைப் போட்டுத் தேடுவதை விட, ஆளையும் திகதியையும் தெரிவு செய்து போவது சுகம். குடியேற்றக் காலம் என்று காலத்தைப் பிரித்தும் தேடலாம். பரீட்சைக்குச் சுருக்கக் குறிப்புத் தேடுகிற பிள்ளைகளுக்கு இது சரிவராது, இங்கே ஒன்றையும் சுருக்கித் தரமாட்டார்கள். உயர்தர வரலாறு படிப்பிக்கிற ஆசிரியர்கள் 1774 மே 24 முதல் ஜூன் 1 வரையான பதிவுகளை மட்டும் அச்செடுத்து, கீழ்க்குறிப்பை மறைத்துக் கொடுத்துப் பார்க்கலாம். அந்தக் கிழமை நாட்டில் என்ன நடந்தது என்று பிள்ளைகளே ஊகிக்கட்டும், பிறகு குறிப்பைக் காட்டுங்கள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், மிச்ச அரை தமிழில் ஒரு வழிகாட்டிப் பக்கம் வந்தால்.