மூன்று வகை மவுத் கார்டும் என் பற்களும்

குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் கையுறை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். பல்லைக் காக்க வாய்க்குள் மாட்டுகிற மவுத் கார்டை மட்டும் பில் போடுகிற இடத்தில் தொங்குவதிலிருந்து ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சென்னையில் சில ஆண்டுகளாகப் பயிற்சிக்குப் போகிறேன், பெரும்பாலான வாரங்களில் ஸ்பாரிங், அதாவது ஆளோடு ஆள் மோதிப் பழகும் பயிற்சி, உண்டு. இதற்குள் சந்தையில் உள்ள மூன்று வகையையும் வாயில் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

முதல் வகையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வாங்கியதை அப்படியே மாட்டிக்கொள்ளலாம். எல்லார் வாய்க்கும் என்று செய்தது, ஒருவர் வாய்க்கும் பொருந்தாது. விழாமலிருக்க விடாமல் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கடித்துக்கொண்டே இருந்தால் மூச்சு முட்டும். எங்கள் மாஸ்டர் ஸ்பாரிங்குக்கு முன் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "தம்பி, வாயைத் திற" என்பார். மவுத் கார்டு தானாக நழுவினால் அன்றைக்கு ஸ்பாரிங் கிடையாது, பஞ்சிங் பேக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடையில் எந்த விற்பனையாளரும் சொல்லித்தராத சோதனை இது.

இரண்டாவது, வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவம் கொடுப்பது. நான் அதிக காலம் பயன்படுத்தியது இதைத்தான். இ.வி.ஏ. என்கிற இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் இளகி, ஆறியதும் அந்த வடிவத்திலேயே நிற்கும். எத்தனை விநாடி முக்க வேண்டும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அட்டையில் போட்டிருக்கிற கணக்கை மீற வேண்டாம். ஜல்லிக்கரண்டியில் எடுத்து, குளிர்ந்த நீரில் ஒரு கணம் காட்டிவிட்டு, கண்ணாடி முன் நின்று மேல் பல்வரிசையில் நடுவாகப் பொருத்த வேண்டும். பிறகு மெல்லக் கடித்தபடி காற்றை உள்ளே உறிஞ்ச வேண்டும். அதே நேரத்தில் உதட்டுக்கு வெளியிலிருந்து விரல்களால் ஈறோடு சேர்த்து அழுத்த வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் பகையாளியைக் கடிப்பதுபோல் நறுக்கென்று கடித்துவிடுகிறார்கள். கடிவாய் மெலிந்துபோனால் தாடையில் விழுகிற அடியைத் தாங்க அங்கே ஒன்றும் மிஞ்சாது.

ஆறிய பிறகு மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய மடிப்பு எங்கே உரசுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் சிறு கத்தரிக்கோலால் ஒரு வெட்டு கொடுத்தால் போதும், இல்லையென்றால் இரண்டு நாளில் புண்ணாகிவிடும். பின்பக்கம் ஓங்கரிப்பு வந்தால் கொஞ்சம் கத்தரிக்கலாம், ஆனால் முதல் கடைவாய்ப்பல் வரை மூடியிருக்க வேண்டும்.

இந்த வகைக்கு நம் ஊர் வெயில் எமன். உடன் பயிற்சி செய்கிற ஒருவர் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் பகல் முழுக்க வண்டியை வெயிலில் விட்டார். மாலையில் எடுத்தபோது அது யாருடைய பல்வரிசைக்கும் ஒத்துவராத வளையமாகக் கிடந்தது. கழுவுவதும் பச்சைத் தண்ணீரில்தான், சோப்பும் பழைய பிரஷ்ஷும் போதும். பற்பசை மேற்பரப்பைக் கீறிவிடும், கீறலில் அழுக்கு சேரும். காற்றோட்டத் துளையுள்ள டப்பாவில் போட்டால் நாற்றம் வராது.

மூன்றாவது வகை பல் மருத்துவர் அச்சு எடுத்துச் செய்துதருவது. குளிர்ந்த பசையைத் தட்டில் நிரப்பி வாய்க்குள் வைக்கும் அந்தச் சில நிமிடங்கள் கொடுமை. அந்த அச்சிலிருந்து பிளாஸ்டரில் பல்வரிசையின் நகல் செய்து, சூடாக்கிய தகட்டை அதன்மேல் இறுக்கிப் படியவைக்கிறார்கள். விலை பல மடங்கு. போட்டதும் வித்தியாசம் தெரிந்தது. கடிக்காமலே நிற்கிறது, மாஸ்டர் கேள்வி கேட்டால் கழற்றாமலே பதில் சொல்ல முடிகிறது. அடிக்கடி ஸ்பாரிங் செய்கிறவர்களுக்கு இது வீண்செலவில்லை. மாதத்துக்கு ஒருமுறை என்றால், ஒழுங்காக இளக்கிப் பொருத்திய இரண்டாவது வகையே தாராளம். பல்லில் கம்பி கட்டியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது.

மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று அட்டையில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பல்லையும் உதட்டையும் காக்கிறது, அது உறுதி. அதிர்ச்சியைப் பற்றி ஆய்வுகள் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹெட்கார்டு என்கிற தலைக்கவசம் இல்லாமலே மோதினார்கள். அப்போதும் மவுத் கார்டை யாரும் கழற்றச் சொல்லவில்லை. போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் சிவப்பு நிறம் வேண்டாம். ரத்தம் தெரியாது என்பதால் அமெச்சூர் விதிகளில் அதற்குத் தடை உண்டு.

இப்போது என்னிடம் இருப்பதில் இடப்பக்கக் கடைவாயில் பல்தடம் ஆழமாகிவிட்டது, ஓரமும் கிழியத் தொடங்கியிருக்கிறது. மருத்துவரிடம் பழைய பிளாஸ்டர் நகல் பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் இடையில் ஒரு பல்லை அடைத்திருக்கிறேன், எனவே அந்தப் பசைத் தட்டை மறுபடியும் கடிக்க வேண்டும்.