வீவக அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் குள்ள கேலக்ஸி வேட்டை: சீஸ்டார் எஸ்50

பால்வீதியே கண்ணுக்குத் தெரியாத சிங்கப்பூர் வானத்தில், 2.5 கிலோ எடையும் 50 மி.மீ. வில்லையும் கொண்ட சீஸ்டார் எஸ்50 என்ற பொடியன், தானே வானைத் தொடர்ந்து படமெடுக்கும் தொலைநோக்கி, குள்ள கேலக்ஸிகளைப் (சிறிய விண்மீன் மண்டலங்களை) பிடிப்பானா? எந்தக் குள்ளன் என்பதைப் பொறுத்தது.

எம்54 சுலபம். 1778இல் பிரெஞ்சு வானியலாளர் மெசியே கண்டறிந்த இந்தக் கோளக் கொத்தை (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டத்தை) நம் பால்வீதியின் சொத்து என்றே எண்ணியிருந்தார்கள். 1994இல் தனுசுக் குள்ள கேலக்ஸி கண்டுபிடிக்கப்பட்ட பிறகே, இது அதன் மையத்தில் இருப்பது புரிந்தது. பால்வீதி அந்தக் கேலக்ஸியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறது. பெரியவை சிறியவற்றை விழுங்கித்தான் வளர்கின்றன என்பதற்குக் கைக்கெட்டிய சாட்சி. செப்டம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணிவாக்கில் தெற்கே 58 பாகை உயரத்தில் நிற்கும். தனித்தனி விண்மீன்களாகப் பிரியாது, பஞ்சுருண்டையாகத்தான் வரும். கருவிக்குள் இருக்கும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள்: அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும், விண்மீன் ஒளியை வீணாகக் குறைக்கும்.

ஒளிரும் வாயு மேகமான டரன்டுலா நெபுலாவுக்கு நேர்மாறு, ஃபில்டர் கட்டாயம். அது இருப்பது 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மெகல்லன் மேகம் என்ற குள்ள கேலக்ஸியில். அங்கே கன தனிமங்கள் (ஹைட்ரஜன், ஹீலியத்தைவிடக் கனமானவை) சூரியனில் இருப்பதில் பாதியளவே. பழங்காலக் கேலக்ஸிகளில் விண்மீன்கள் பிறந்த விதத்தை ஆராய அதனால்தான் இங்கே வருகிறார்கள். பிப்ரவரியில் இரவு 9.30க்கு உச்சம், அப்போதும் 20 பாகைதான். எதிர் புளோக் மறைத்துவிடும், தெற்கே கடல் திறந்த இடம் வேண்டும்.

இனி, விளம்பரம் சொல்லாத சங்கதி. நிலநடுக்கோட்டருகே படச் சுழற்சி (கருவி வானைத் தொடரும்போது காட்சி மெல்லச் சுழல்வது) மோசம்: எம்54 உச்சத்தில் இருக்கையில் மணிக்கு 28 பாகை. 10 வினாடிப் படங்களையே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருங்கள். 30 வைத்தால் ஓரத்து விண்மீன்கள் கோடாகும். எப்படி எடுத்தாலும் சுழற்சியால் ஓரங்களை வெட்ட நேரும். ஈக்யூ முறை (கருவியைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ப்பது) தீர்வுதான், ஆனால் 1.3 பாகை அட்சரேகையில் கருவியைக் கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டும். கூட வரும் குட்டி முக்காலி கவிழ்ந்துவிடும். கனமான முக்காலியும், கருவியைச் சாய்த்துப் பிடிக்கும் வெட்ஜும் தனிச் செலவு.

நம்மூர் ஈரப்பதத்துக்குப் பனிநீக்கி சூடேற்றியை முதல் நிமிடத்திலேயே போடுங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர்பேங்க் துணைக்கு இருக்கட்டும்.

இன்னொரு குள்ளனான பர்னார்டு கேலக்ஸிக்காக வாங்குவதாயிருந்தால் வேண்டாம். அதன் ஒளி பரந்து மெலிந்திருப்பதால் நகர வெளிச்சத்தில் மூழ்கிவிடும். மலேசியாவின் இருண்ட வானம் தேடி மெர்சிங் பக்கம் காரில் போகிறவர்களுக்கு அது வேறு கணக்கு.