மசகு எண்ணெய்க் கப்பலுக்கு எந்த உருக்கு: மெலிந்த உயர்-இழுவையா, தடித்த மென்னுருக்கா?

மலைநாட்டில் உட்கார்ந்து கப்பல் வரைகிறவனைப் பார்த்து ஊரில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். அபுதாபியிலிருந்து மசகு எண்ணெயாக வந்து, சப்புகஸ்கந்தையில் சுத்திகரித்து, ரயில் தாங்கிகளில் கொட்டகலைக் களஞ்சியத்துக்கு மலையேறுகிற டீசலிலும் அட்டன் பஸ் ஓடுகிறது. அந்தப் பயணத்தின் முதல் கட்டத்துக்கான கப்பல்தான் என் இறுதியாண்டு வடிவமைப்பு.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சப்புகஸ்கந்தைக்கு வழமையாக ஒரு தடவைக்கு 90,000 தொன் அளவில்தான் மசகு எண்ணெய் வரும். கொழும்புக்கு வெளியே கடலில் மிதவையில் கட்டி, கடலடிக் குழாய் வழியே இறக்குவார்கள். அதற்கு 105,000 தொன் சுமக்கும், ஆஃப்ராமக்ஸ் எனப்படும் நடுத்தர எண்ணெய்க் கப்பல் போதும். கொழும்புக் கப்பல்துறையின் பெரிய உலர்துறை 263 மீற்றர் நீளம், 44 மீற்றர் அகலம். 42 மீற்றர் அகலக் கப்பல் உள்ளே போகும், அடுத்த பெரிய வகையான 48 மீற்றர் சூயஸ்மக்ஸ் போகாது. இரட்டை உடல் (வெளிச்சுவருக்குள் இன்னொரு சுவர்) வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை, கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்போல் அதை முடித்துவைத்துவிட்டது.

மிச்சம் உருக்கு. மென்னுருக்கின் இளகு வலு, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு, 235 மெகாபஸ்கால். 36 தர உயர்-இழுவை உருக்குக்கு 355. வலு கூடினால் தகட்டை மெலிதாக்கலாம். அதனால் உருக்குச் செலவு குறையும், வெல்டிங் குறையும், கட்டும் துறைக்கும் சந்தோஷம். இந்த அளவுக் கப்பலைப் பொதுவாக முழுக்க ஒன்றால் கட்டுவதில்லை. எதை எவ்வளவு என்பதுதான் தெரிவு. நான் மென்னுருக்கின் பக்கம்.

உயர்-இழுவைக்காரர்கள் முதலில் சொல்வது எடை. கப்பலின் சொந்த எடையில் சில நூறு தொன் குறையும், அவ்வளவு சரக்கைக் கூட ஏற்றலாம் என்பார்கள். நம் சரக்குக்கு அது பொருந்தாது. அபுதாபியின் முர்பான் எண்ணெய் லேசானது, அடர்த்தி 0.825 அளவில். 90,000 தொன்னை 98 வீதம் நிரப்பி ஏற்ற ஏறத்தாழ 111,000 கன மீற்றர் வேண்டும். ஆகவே முதலில் நிரம்புவது தாங்கி. கப்பலின் சொந்த எரிபொருளையும் நீரையும் கழித்தாலும் எடை வரம்பில் பல ஆயிரம் தொன் மிச்சம் கிடக்கும். இந்த வேலைக்கு அந்தச் சில நூறு தொன் எதற்கு?

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது துருதான். லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்றும்போது அப்பா கடைக்காரரிடம் "கேஜ் கூடினதாப் பார்த்துக் குடுங்கண்ணே" என்பார். மழை மெல்லிய தகரத்துக்கும் தடித்த தகரத்துக்கும் ஒரே அளவுதான் தின்னும், மெல்லியதுதான் முதலில் ஓட்டையாகும். கப்பலிலும் அதே கதை. உயர்-இழுவை உருக்கு வலுவானது, துருவுக்கு எதிராக அதனிடம் ஒன்றுமில்லை. உதாரணத்துக்கு, 18 மில்லிமீற்றர் தகட்டில் 3 போனால் ஆறில் ஒரு பங்கு. 14இல் 3 போனால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். நெளிவு எதிர்ப்பு (அமுக்கும்போது தகடு மடங்காமல் நிற்கும் திறன்) தடிப்பின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், முதலாவது 69 வீதத்தில் நிற்கும்போது இரண்டாவது 62 வீதத்துக்கு இறங்கியிருக்கும்.

இந்தப் பாதை துருவுக்கு இன்னும் வசதியானது. வளைகுடாவிலிருந்து கொழும்புக்கு ஒரு வாரத்துக்குள் வந்துவிடலாம். திரும்பும்போது, வெறுங்கப்பலை நிலைப்படுத்த நீர் நிரப்பும் பாலஸ்ட் தாங்கியில் கடல்நீர், வரும்போது வெறும் ஈரக் காற்று, பக்கத்துத் தாங்கியில் சூடான எண்ணெய். நனைந்து காய்ந்து நனைகிற இந்தச் சுற்று, நீண்ட பாதைக் கப்பலைவிட இங்கே அடிக்கடி வரும். 320 மைக்ரோன் எபொக்சிப் பூச்சு இருக்கிறதே என்று கேட்கலாம். சர்வதேசத் தரம் அந்தப் பூச்சுக்கு வைத்த இலக்கு ஆயுள் 15 ஆண்டு. கப்பலுக்கான பொது அமைப்பு விதிகள் எடுத்துக்கொள்ளும் ஆயுள் 25 ஆண்டு. அந்தப் பத்து ஆண்டுகளில் பூச்சை நம்புவதா, தகட்டை நம்புவதா? 1999 டிசம்பரில் பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் எரிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தபோது, விசாரணை போய் நின்ற இடம் பாலஸ்ட் தாங்கியின் அரிப்பு. அது ஒற்றை உடல் பழைய கப்பல், ஒப்பிட்டுப் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் துரு முதலில் எங்கே உட்காரும் என்பது அதில் தெரிகிறது.

அடுத்தது உலோகக் களைப்பு, அதாவது அலை மாறி மாறி அழுத்துவதால் மெல்ல வரும் வெடிப்பு. வெல்டிங் மூட்டின் களைப்பு வலு உருக்கின் தரத்தோடு கூடுவதில்லை. தகடு மெலிந்து தகைப்பு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) கால் பங்கு கூடினால் மூட்டின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். 1980களில் உயர்-இழுவை உருக்கை அள்ளிப் போட்டுக் கட்டிய பேரளவு எண்ணெய்க் கப்பல்களில், சில ஆண்டுகளுக்குள்ளேயே பக்கவாட்டு நெடுக்குச் சட்டங்களில் வெடிப்பு வந்தது. விதிகள் இன்று களைப்பைத் தனியாகக் கணக்கிடச் சொல்வதால் அந்த அளவுக்கு நிலைமை மோசமாகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்து வயதுக்குள் விற்றுவிட நினைக்கும் உரிமையாளருக்கு என் வாதத்தில் பாதி உதவாது; அவர் மெல்லிய கப்பலைக் கட்டி லாபம் பார்க்கலாம். 15 வயதைத் தாண்டியும் வைத்திருப்பவருக்குத்தான் தடிப்பு அளவீட்டு அறிக்கை தலைவலி, வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அதைத்தான். நான் தாங்கிக்குள் இறங்கிப் பார்த்தவை இளவயதுக் கப்பல்கள் மட்டுமே. ஆகவே முதிய கப்பலைப் பற்றி நான் சொல்வது கணக்கும் படிப்பும் சொல்வதுதான்.

கடைசியில் வரைபடத்தில் போனது இது: நடுக்கப்பலின் மேற்றளத்துக்கும் அதன் நெடுக்குச் சட்டங்களுக்கும் மட்டும் 32 தர உயர்-இழுவை, பக்கங்களுக்கும் பாலஸ்ட் தாங்கிக்கும் மென்னுருக்கு. இரட்டை உடலின் பக்க இடைவெளிக்கு மார்போல் கேட்பது 2 மீற்றர், நான் 2.4 வைத்தேன். பூச்சுப் பார்க்கவும் தட்டிப் பார்க்கவும் ஆள் உள்ளே போக வேண்டுமே.