டஃப் மெக்கேகனா, ஃப்ளீயா?

பேஸ் கிட்டார் பழக ஆரம்பிக்கிற யாரும் முதலில் ஃப்ளீயிடம்தான் மயங்குவார்கள். 1989-இல் அவருடைய பேண்ட் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் வாசித்த 'ஹையர் கிரவுண்ட்' கேட்டால் போதும், கட்டைவிரலால் தந்தியை அடிக்காமல் இருக்க முடியாது; அதைத்தான் ஸ்லாப் என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது என் ஆள் கன்ஸ் அன்ட் ரோசஸ் பேண்டின் பேஸிஸ்ட் டஃப் மெக்கேகன்.

திறமையில் ஃப்ளீதான் மேலே, அதில் பேச்சே இல்லை. டஃப் விரலால் அல்ல, பிக் என்ற சிறு தகட்டை வைத்து வாசிப்பவர். பங்க் ராக் பேண்டுகளில் வளர்ந்த சியாட்டில்காரர். ஆனால் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' தொடக்கத்தில் கிட்டாருக்குக் கீழே அவர் வாசிப்பது தனியாகவே முணுமுணுக்கக்கூடிய மெட்டு. அவர் வாசிக்கும் ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் ஸ்பெஷல் கிட்டாரை முதல் ஒப்பந்த முன்பணத்தில் வாங்கினார். 2007-இல் ஃபெண்டர் அதே மாடலை அவர் பெயரிலேயே வெளியிட்டது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: பேண்ட் கலைந்தால் பேஸிஸ்ட் என்ன செய்வான்? பாடகருக்குக் குரல் உண்டு, லீட் கிட்டாரிஸ்டுக்குப் பெயர் உண்டு. பேஸிஸ்டுக்கு? ஃப்ளீ இந்தக் கேள்வியை எதிர்கொள்ள நேரவில்லை. கிட்டாரிஸ்டுகள் மாறினார்கள், 1988-இல் ஹிலல் ஸ்லோவாக் இறந்தே போனார். ஆனால் பாடகர் ஆந்தனி கீடிஸும் ஃப்ளீயும் நாற்பது வருடமாகப் பிரியவில்லை. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

டஃப்புக்கு அது வாய்க்கவில்லை. 1994-இல், முப்பது வயதில், குடியால் கணையம் வெடித்து சாவின் விளிம்புக்குப் போனார். குடியை விட்டார், 1997-இல் பேண்டையும் விட்டார். பழைய கணக்குத் தாள்களை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே புரியவில்லை. உலகத்தையே சுற்றி வந்த பேண்ட், வரவு எவ்வளவு, செலவு எங்கே என்று அதில் இருந்தவருக்கே தெரியவில்லை! கல்லூரியில் சேர்ந்தார், சியாட்டில் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தார். பிறகு வெல்வெட் ரிவால்வர் என்ற புது பேண்ட். 2011-இல் இசைக்கலைஞர்களின் பணத்தை நிர்வகிக்கும் மெரிடியன் ராக் நிறுவனம். 2016-இல் மறுபடி கன்ஸ் அன்ட் ரோசஸ். திரும்பி வந்தபோது கணக்குத் தாளைப் படிக்கத் தெரிந்த ஆளாக வந்தார். ராயல்டி ஒப்பந்தம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் நம் மாதிரி ஆட்களுக்கு ஸ்லாப்பை விட இது முக்கியம் என்பேன்.

ஃப்ளீயும் படித்தார்தான். 2008-இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இசைக் கோட்பாடு. அதற்கு முன்பே, 2001-இல், லாஸ் ஏஞ்சலஸில் சில்வர்லேக் இசைப்பள்ளியைத் தொடங்கியிருந்தார். கற்றுக்கொடுக்கும் மனசு என்று பார்த்தால் அவர்தான் முன்னால்.

இருவரையும் மேடையில் பார்த்ததில்லை, பதிவுகளை வைத்துத்தான் பேசுகிறேன். ஃபங்க் (பங்க் அல்ல, தாளமே பிரதானமான ஆட்ட இசை) பேண்டில் வாசிக்கப் போகிறவர்களுக்கு என் பேச்சு செல்லாது. அவர்கள் ஃப்ளீயை விட்டு நகரவே வேண்டாம். ராக் என்றால் 1987-இன் 'அப்பெட்டைட் ஃபார் டிஸ்ட்ரக்ஷன்' ஆல்பத்தைப் போட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். 'இட்ஸ் ஸோ ஈஸி' தொடக்கமே பேஸ்தான்.